கடல்கட்டியும் கயிறு பிடித்தவனும்

கபடியில் ஒரு கணம் உண்டு. பாடி வந்த ரைடரை நான்கைந்து பேர் சேர்ந்து அமுக்கிவிடுகிறார்கள். கால் ஒருவர் பிடியில், இடுப்பு இன்னொருவர் பிடியில். முதுகில் இரண்டு பேர். அவர் முகம் மண்ணில் அழுந்திக் கிடக்கிறது. ஆனால் ஆட்டம் முடியவில்லை. மூச்சை விடாமல் ஒரு கையை மட்டும் முன்னால் நீட்டுகிறார். நடுக்கோட்டை ஒரு விரல் நுனி தொட்டுவிட்டால் போதும், மேலே கிடக்கும் அத்தனை பேரும் அவுட். முழு உடம்பும் தோற்றுப் போன பிறகும் விரல் ஒன்று ஜெயிக்கக்கூடிய ஆட்டம் அது. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனை மூன்று பேர் வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. மருத்துவர்கள் அவற்றை ஒட்டவைத்தார்கள். வெட்டுப்பட்டவன் கபடி ஆடுகிறவன், பட்டியல் சாதிக் குடும்பத்துப் பிள்ளை. வெட்டியவர்களும் பதினெட்டு நிரம்பாதவர்கள். கபடிப் போட்டியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்றார்கள் பையனின் வீட்டார். செய்தி பழசாகிவிட்டது. அந்த விரல்கள் மட்டும் மனத்தை விட்டு இறங்க மறுக்கின்றன.

மறுக்கக் காரணம் இருக்கிறது. இளைஞர்களுக்கு நல்ல முன்மாதிரிகள் இல்லை, விளையாட்டு வீரர்களைக் காட்டினால் பிள்ளைகள் உருப்படுவார்கள் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். இந்த மாவட்டத்தில் அந்தக் குறை சொல்ல முடியாது. மணத்தி கணேசன் இந்த மண்ணின் ஆள். 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர். 1995-ல் அர்ஜுனா விருது பெற்றவர். பெயரிலேயே ஊரைச் சுமப்பவர். வெட்டுப்பட்ட பையனும் வெட்டிய பையன்களும் இதே மாவட்டத்தில், இதே ஆட்டத்தின் நடுவே வளர்ந்தவர்கள். தொலைக்காட்சியில் மட்டும் பார்க்கக்கூடிய கிரிக்கெட் நட்சத்திரம் அல்ல. பஸ் ஏறிப் போனால் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் ஒரு சர்வதேச வீரர். முன்மாதிரி என்ற மருந்து வேலை செய்யுமானால் முதலில் இங்கேதான் செய்திருக்க வேண்டும்.

காலக்கணக்கு இன்னும் உறுத்துகிறது. கணேசனுக்கு அர்ஜுனா விருது கிடைத்த அதே 1995-ல்தான் இதே மாவட்டத்தின் கொடியன்குளத்தில் காவல்துறையின் தாக்குதல் நடந்தது. தென்மாவட்டங்கள் முழுக்கச் சாதி மோதல் பற்றியெரிந்த ஆண்டு அது. ஒரு பட்டியல் சாதி இளைஞனை நாடு கைதட்டி வரவேற்றது. அதே ஆண்டு அவனைப் போன்றவர்களின் வீடுகள் நொறுக்கப்பட்டன. இரண்டும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. முப்பது ஆண்டு கழித்து, 2025 தீபாவளிக்கு, கணேசனின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன் காளமாடன்’ வந்தது. மகன் கபடி ஆடக்கூடாது என்று தடுக்கும் அப்பாவாக அதில் பசுபதி நடித்திருக்கிறார். அந்த அப்பாவுக்கு ஆட்டத்தின் மேல் வெறுப்பு இல்லை, அவரே ஆடியவர். ஜெயித்தால் என்ன ஆகும் என்பதுதான் அவர் பயம். தியேட்டரில் அதைப் பழைய காலத்துப் பயம் என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். படம் வருவதற்கு ஏழு மாதம் முன்புதான் அந்தப் பேருந்து நின்றது.

இதை யோசிக்கும்போதெல்லாம் கபடிக் களத்தை விட்டுக் கடலுக்குத் தாவுகிறது நினைப்பு. பெரிய தாவல் இல்லை. தாமிரபரணியின் பழைய முகத்துவாரமான கொற்கை இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது; முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம். கபடிக்கும் முத்துக்குளிப்புக்கும் மூலதனம் ஒன்றே: மூச்சு. ரைடர் மூச்சைப் பிடித்து எதிராளி எல்லைக்குள் போகிறார். குளியாளி மூச்சைப் பிடித்துக் கடலுக்குள் இறங்கினார். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அந்தத் தொழிலைப் பற்றிய பழைய குறிப்புகளில் ஒரு விசித்திரமான ஆள் வருகிறார்: கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர். அவர் கரையிலோ தோணியிலோ இருந்தால்தான் குளியாளிகள் தண்ணீரில் குதிப்பார்கள். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ இவர்களைக் குறிப்பிட்டு, எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குப் போனதாகக் கணக்கும் சொல்கிறார். பிரிட்டிஷ் ஆட்சியிலும் இந்தப் பதவி நீடித்தது. அதிகாரிகளுக்கு மந்திரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கடல்கட்டி வராவிட்டால் ஒருத்தரும் இறங்கமாட்டார்கள், ஒரு சிப்பியும் வராது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் கூலி கொடுத்தார்கள்.

பள்ளிச் சுவரில் வரைந்து வைக்கும் விளையாட்டு வீரர் படத்துக்கும் கடல்கட்டிக்கும் நிறைய ஒற்றுமை. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கடல்கட்டி மோசடிக்காரர் அல்லர். அவர் தந்தது தைரியம், அது நிஜமான சரக்கு. மணத்தியிலிருந்து ஒருவர் ஜப்பான் போய்த் தங்கத்தோடு திரும்பினார் என்ற செய்தி, ‘நமக்கெல்லாம் எங்கே’ என்று உட்கார்ந்திருந்த எத்தனையோ பையன்களைக் களத்தில் இறக்கியிருக்கும். ஆனால் தைரியம் ஆளை உள்ளே அனுப்பும், மேலே தூக்கிவிடாது. தூக்குவதற்குத் தோணியில் வேறோர் ஆள் இருந்தார். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு எட்டுப் பத்துப் பாக ஆழத்தில் இறங்கியவர், மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார். அந்த அசைவுக்காகக் கண்ணையும் கையையும் வேறெங்கும் விடாமல் காத்திருப்பவர் சட்டென்று இழுத்து மேலே கொண்டுவர வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று இந்தக் கடற்கரையில் சொல்வது உண்டு. அசந்துவிட்டால் தாலி அறுப்பது அவன் கூடப்பிறந்தவள் அல்லவா? சுறாவுக்கு மந்திரம், உயிருக்கு மச்சான். இரண்டும் வேண்டும் என்பதில் கடற்கரைக்குச் சந்தேகம் இருந்ததில்லை. நாம்தான் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிட்டோம்.

கயிறு பிடிக்க ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதே மாவட்டத்தின் கோவில்பட்டி சாட்சி. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன ஊர், தலைமுறை தலைமுறையாக ஹாக்கி ஆடுகிறது. மைதானம், உள்ளூர் கிளப்புகள், அகில இந்தியப் போட்டி, அரசின் ஹாக்கி விடுதி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 2022-ல் ஜகார்த்தாவில் வெண்கலம் வென்ற ஆசியக் கோப்பை அணியில் இந்த ஊர் மாரீஸ்வரன் இருந்தார். கூடவே அரியலூர் கார்த்தி செல்வம். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் கார்த்தி கோல் அடித்தார். அரியலூர்ப் பையனைக் கோவில்பட்டிக்குக் கொண்டுவந்தது சுவரில் ஒட்டிய படம் அல்ல. ஒரு விடுதி, ஒரு மைதானம், விடிகாலையில் விசில் ஊதிய ஒரு பயிற்சியாளர். எதிர்ச் சாட்சியும் இருக்கிறது. 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டின் முதல் கோப்பையை வென்ற அணிக்குத் தூத்துக்குடியின் பெயர்தான்: டூட்டி பேட்ரியாட்ஸ். பின்னால் அதே அணி சேலத்தின் பெயருக்கு மாறிப் போய்விட்டது. ஒப்பந்தத்தில் வந்த பெருமை ஒப்பந்தத்திலேயே போகும். உலக அளவிலும் இதே பாடம்தான். ஒரு தலைமுறையையே உத்வேகப்படுத்துவோம் என்ற முழக்கத்தோடு 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கை நடத்தினார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் வாரம் ஒரு முறையாவது விளையாடும் பெரியவர்களின் விகிதம் குறைந்துவிட்டது என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2022-ல் எழுதியது.

நம் கணக்கையும் பார்த்துவிடலாம். 2024 டிசம்பரில் உலக சதுரங்க சாம்பியனான குகேஷுக்குத் தமிழக அரசு ஐந்து கோடி ரூபாய் அறிவித்தது. அதில் யாருக்கும் மனக்குறை இருக்கக்கூடாது. அந்தப் பிள்ளை சம்பாதித்த மரியாதை அது. ஆனால் 2012-ல் அரசுப் பள்ளிகளில் உடற்கல்விக்கும் ஓவியத்துக்கும் பிறவற்றுக்குமாக நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களின் தொடக்கச் சம்பளம் மாதம் ஐயாயிரம் ரூபாய். கொஞ்சம் உயர்ந்தாலும், பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். கடல்கட்டிக்குக் கோடி, கயிறு பிடிப்பவருக்கு ஆயிரம். ‘பைசன்’ படத்தில் பையனைக் கைதூக்கி விடுகிறவர்களில் ஒருவர் பள்ளியின் பி.டி. வாத்தியார் என்பதைப் படம் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, கபடிதான் காரணம் என்று எப்படிச் சொல்லலாம்; வேறு காரணங்களும் பேசப்பட்டனவே? உண்மைதான், தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் ‘ஆட்டத்தில் ஜெயித்ததற்காக வெட்டிவிட்டார்கள்’ என்று கேட்டதும் இந்தப் பகுதியில் யாரும் ‘அப்படியும் நடக்குமா’ என்று திகைக்கவில்லை. காரணம் பொய்யாகவே இருக்கட்டும், அது இவ்வளவு எளிதாக நம்பக்கூடியதாக இருப்பது மெய். இரண்டாவது, பொங்கலுக்குப் பொங்கல் ஊர் ஊராகக் கபடி நடக்கிறது, பெரும்பாலும் சிராய்ப்போடு முடிகிறது. ஒரு வெட்டை வைத்து ஆட்டத்தைப் பழிக்கலாமா? பழிக்கவில்லை. தீண்டாமை ஊறிய நாட்டில், தொட்டால்தான் புள்ளி என்று விதி வைத்திருக்கும் விளையாட்டு அது. அதைவிட நல்ல வாத்தியார் ஏது? மூன்றாவது, சாதி செய்த பாவத்துக்கு வீரர்களை ஏன் கேள்வி கேட்கிறாய் என்பது. சரியான கேள்வி. கேட்க வேண்டியது அவர்களை அல்ல. சாதியைக் கரைக்கும் பொறுப்பை அவர்கள் படத்தின் மேல் சாத்திவிட்டு நகர்ந்துகொள்ளும் நம்மை. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் சார்லஸ் பார்க்லி 1993-ல் ஒரு விளம்பரத்தில் தான் யாருக்கும் முன்மாதிரி அல்ல, அது பெற்றோரின் வேலை என்றபோது திமிர் என்றார்கள். பாதி உண்மையைத்தான் சொன்னார். அதுவும் நமக்கு வேண்டாத பாதி.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் காட்டும் முன்மாதிரிகள் எல்லாம் ஜெயித்த முகங்கள். தங்கத்தைக் கழுத்தில் போட்டு நிற்கும் படம்தான் சுவருக்கு வரும். அந்த மூன்று பையன்களுக்குத் தேவைப்பட்டது, தோற்றுவிட்டு எதிராளியின் கையைப் பிடித்துக் குலுக்கி வீட்டுக்குப் போவது எப்படி என்ற பாடம். அதைச் சொல்லும் படம் எந்தச் சுவரிலும் இல்லை. கபடியின் விதியில் அது இருக்கிறது: அவுட் ஆனவன் வெளியே போய் உட்காருவான், அவன் அணிக்காரன் ஒருவரை வீழ்த்தினால் திரும்ப உள்ளே வருவான். இத்தனை கருணையுள்ள விதியை ஆடிவிட்டுக் கையில் வேறொன்றைக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள்: சாதிக்கு ஒரு நிறமாகக் கயிறு. 2019-ல் பள்ளிக் கல்வித் துறை இதைக் குறித்துச் சுற்றறிக்கை விட்டது. 2023-ல் நாங்குநேரியில் மாணவன் ஒருவன் வீட்டிலேயே வெட்டப்பட்ட பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. ஆளைத் தூக்கிவிட ஒரு காலத்தில் இருந்த கயிறும், ஆளை அடையாளம் கண்டு வெட்ட உதவும் கயிறும் இதே தென்மாவட்டங்களின் கயிறுகள்தான்.

இங்கே என் வாதம் தானே முட்டிக்கொள்கிறது. கயிறு பிடிக்கும் ஆளைத் தேடுங்கள் என்கிறேன். ஆனால் கடற்கரை அந்தக் கயிற்றை மச்சான் கையில் கொடுத்தது. நம்பிக்கை ரத்தத்தின் வழி வந்தது, சம்பந்தத்தின் வழி வந்தது. சாதி என்பதே அடுத்த தெருவில் மச்சான் இருக்கக்கூடாது என்ற ஏற்பாடுதானே? எதிர்த் தெருப் பையன் மூழ்கும்போது தன் வீட்டில் ஏதோ அறுந்து போவதாக இந்தத் தெருப் பையனுக்குத் தோன்ற வேண்டும். வாத்தியாராலும் விடுதியாலும் அதைச் செய்ய முடியுமா? கோவில்பட்டி விடுதியில் ஒரே அறையில் தூங்கி எழும் பிள்ளைகளைப் பார்த்தால் முடியும் என்று தோன்றுகிறது. ஊர்ப் பெயரைச் சொல்லிச் சாதிப் பெயரில் இறங்கும் கபடி அணிகளைப் பார்த்தால் அந்த நம்பிக்கை தளர்கிறது. இரண்டில் எது இந்த மண்ணின் உண்மை என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். கபடியில் ரைடரை வளைக்கத் தடுப்பவர்கள் பக்கத்தில் நிற்பவர் கையைப் பிடித்துச் சங்கிலி போடுவார்கள். இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே அணியில் நின்று அந்தச் சங்கிலியைப் போடும் பள்ளிகள் இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பள்ளி அப்படித்தானா என்று ஒரு நாள் மாலை போய்ப் பாருங்கள். சுவரில் யார் படம் இருக்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.