ஆடு அறியாத புனிதம்

வட எத்தியோப்பியாவில் தானா ஏரிக்குக் கிழக்கே விரிந்து கிடக்கிறது தென் கோந்தர். செயற்கைக்கோள் படத்தில் அந்த மேட்டுநிலம் முழுக்கப் பழுப்பு. டெஃப் தானியம் விதைக்கும் வயல்கள், மேய்ந்து மொட்டையான சரிவுகள், அவற்றுக்கு நடுவே ஆங்காங்கே கரும்பச்சை வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின் மையத்திலும் ஒரு கூரை தெரியும். அது தேவாலயம், சுற்றியிருப்பது அதன் காடு. தென் கோந்தரில் மட்டும் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட காடுகள் எண்ணப்பட்டிருக்கின்றன. சில காடுகளின் பரப்பு நான்கு ஏக்கர்தான். நூறு ஹெக்டேர் வரை பரந்தவையும் உண்டு.

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் தெவாஹெதோ திருச்சபை பழமையானது. அக்சும் அரசர் எசானா கிறிஸ்தவத்தைத் தழுவியது கி.பி. 4ஆம் நூற்றாண்டில். அங்கே ஒவ்வொரு தேவாலயத்தின் உள்ளறையிலும் ‘தாபோத்’ இருக்கும். மோசேயின் உடன்படிக்கைப் பேழையை நினைவூட்டும் புனிதப் பலகை அது. குருமார் தவிர மற்றவர்கள் அதைப் பார்க்கக்கூடாது. புனிதம் அந்த அறையில் தொடங்கி வெளிநோக்கிப் பரவுகிறது. காடு அதன் கடைசிச் சுற்று. மரமில்லாத தேவாலயம் ஆடையில்லாத மனிதனைப் போல என்பது அந்த ஊர்க் குருமார் வழக்கமாகச் சொல்வது. ஏதேன் தோட்டத்தின் மிச்சம் என்றும் அந்தக் காடுகளைக் கருதுகிறார்கள்.

நூறாண்டுக்கு முன் எத்தியோப்பியாவில் நாற்பது சதவீதம் காடு இருந்தது, இப்போது மூன்று சதவீதம்தான் என்று ஒரு கணக்கு எல்லா மேடைகளிலும் வலம்வருகிறது. அந்த நாற்பதுக்கு உருப்படியான சான்று இல்லை என்று வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மெக்கான் 1990களிலேயே எழுதிவிட்டார். எண் எதுவானாலும், வடக்கு மேட்டுநிலத்தில் பழைய மரங்கள் எஞ்சியிருப்பது பெரும்பாலும் கோயிலைச் சுற்றித்தான். 1975இல் ராணுவ அரசு நாட்டின் விளைநிலம் முழுவதையும் அரசுடைமையாக்கியபோது திருச்சபை தன் நிலபுலன்களை இழந்தது. உழவு மரத்தின் அடிவரை வந்து நின்றது. அதற்கு மேல் பெரும்பாலும் யாரும் கோடரியை ஓங்கவில்லை.

அப்படியானால் பக்தி ஜெயித்துவிட்டது என்றுதானே நினைக்கத் தோன்றும்? அலெமாயெஹு வாஸ்ஸி அப்படி நினைக்கவில்லை. அந்த மண்ணிலேயே வளர்ந்த காட்டியல் ஆய்வாளர் அவர். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகத் தென் கோந்தரில் 28 தேவாலயக் காடுகளை அளந்தார். 160க்கும் மேற்பட்ட மரம், செடி, கொடி வகைகள் பதிவாயின. ஆனால் பல இடங்களில் நிமிர்ந்து பார்த்தால் பெரிய மரம், குனிந்து பார்த்தால் வெறும் தரை. இளங்கன்றுகள் இல்லை.

காரணத்தைச் சோதித்தே பார்த்தார். ஜூனிபர், காட்டு ஆலிவ் உட்பட நான்கு மரங்களின் விதைகளையும் நாற்றுகளையும் வேலி போட்ட பாத்திகளிலும் வேலியில்லாத பாத்திகளிலும் இட்டார். வேலிக்குள் பிழைத்த அளவுக்கு வெளியே பிழைக்கவில்லை. மாடும் ஆடும் மேய்ந்தும் மிதித்தும் தீர்த்துவிட்டன. இன்னொரு ஆய்வு இதைவிடக் கவலை தருவது. மண்ணை எடுத்து முளைக்கவிட்டுப் பார்த்தால் வந்தவை பெரும்பாலும் புல் பூண்டுகள். காட்டின் முக்கிய மரங்கள் பலவற்றின் விதை மண்ணில் நெடுங்காலம் உறங்கிக் காத்திருப்பதில்லை. நிற்கும் தாய்மரம் விழுந்துவிட்டால், அந்த இனம் அந்த இடத்தில் தானாக மீண்டு வருவது அரிது.

இங்கேதான் சமயக் கேள்வி எழுகிறது. கடவுளுக்கென்று விட்ட இடத்தில் மனிதன் கைவைக்கலாமா? உலகெங்கும் புனிதக் காடுகளின் சட்டம் ‘செய்யாதே’ என்பதே: வெட்டாதே, பறிக்காதே, வேட்டையாடாதே. அந்தத் தடை மனிதனைக் கட்டும், ஆட்டைக் கட்டாது. காட்டை அதன் போக்கில் விடுவதுதான் பக்தி என்றால், அதன் போக்கில் அது கிழடுதட்டி முடிவதும் பக்தியின் கணக்கில்தான் சேரும். அந்தக் காட்டை ஏதேன் என்பவர்களுக்கு ஆதியாகமத்திலேயே பதில் இருக்கிறது. ஆதாம் தோட்டத்தில் வைக்கப்பட்டது சும்மா உட்கார்ந்திருக்க அல்ல; அதைப் பண்படுத்தவும் காக்கவும். காட்டு மேலாண்மை என்று அரசு ஆவணங்கள் வறட்சியாகச் சொல்வது அந்தப் பழைய வேலையைத்தான்.

அலெமாயெஹுவும் மரமுகட்டு ஆய்வில் பெயர்பெற்ற அமெரிக்க விஞ்ஞானி மார்கரெட் லோமனும் குருமாரைக் கூட்டி, அவர்கள் காடுகளின் செயற்கைக்கோள் படங்களைக் காட்டினார்கள். தங்கள் காட்டின் ஓரம் தேய்வதை மேலிருந்து பார்த்தபோது வாதம் தேவைப்படவில்லை. சுற்றுச்சுவர் என்ற முடிவு அங்கிருந்து பிறந்தது. கல்லுக்கு எங்கும் போகவில்லை. பக்கத்து வயல்களில் கலப்பையைத் தடுத்துக்கொண்டிருந்த கற்களைப் பொறுக்கி அடுக்கினார்கள். உழவனுக்கு நிலம் சுத்தமானது, கோயிலுக்கு எல்லை கிடைத்தது, காட்டுக்குள் கன்றுகள் தலைதூக்கின. சில ஊர்களில் சுவரைக் காட்டின் ஓரத்தில் எழுப்பாமல் சற்றுத் தள்ளி எழுப்பி, மரங்கள் பரவ இடம் விட்டிருக்கிறார்கள். ‘நிலைத்த வளர்ச்சி’ என்று மாநாட்டில் பேசுவது தரைக்கு இறங்கினால் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

சுவர் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. அமெரிக்காவின் கோல்கேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காத்தரின் கார்டெலூஸ் குழுவினர் பார்த்தபோது, காட்டைக் குலைப்பவற்றில் கல்லறைகள், வெட்டவெளிகள், ஒற்றையடிப் பாதைகள், புதிதாக நட்ட அயல்மரங்கள் எல்லாம் இருந்தன. அதாவது கெடுதல் வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. வழிபாட்டின் வழியாகவும் வருகிறது. புனித மண்ணில் புதைக்கப்பட வேண்டும் என்ற ஆசையைக் குற்றம் சொல்ல முடியுமா?

அயல்மரம் என்றால் முதலில் தைலமரம். மெனெலிக் அரசர் காலத்தில், 1890களில், அடிஸ் அபாபாவின் விறகுப் பஞ்சத்தைத் தீர்க்க வந்தது. வேகமாக வளரும், நல்ல விலை போகும். நிலம் பறிபோன கோயிலுக்கு வருமானம் வேண்டும். ஆகவே பழைய காட்டின் ஓரத்திலேயே அதை நட்டுவிடுகிறார்கள். ஆர்.எஸ்.பதித் தோப்புகளைப் பார்த்து வளர்ந்த தமிழருக்கு இந்தக் கதை புதிதல்ல. காட்டைக் காப்பவர்களின் சாப்பாட்டுக்கு வழி சொல்லாத எந்த ஆய்வறிக்கையும் பாதி அறிக்கைதான்.

தேனீக்கள் இந்தக் காட்டிலிருந்து வயலுக்குப் போகின்றன. ஊற்றுகள் வற்றாமல் இருக்கின்றன. நாட்டு மர விதைக்கு வேறு இடமில்லை. இப்படிப் பயன்களைப் பட்டியலிட்டால், ‘பயனில்லாத நாளில் வெட்டிவிடலாமா’ என்ற கேள்வியும் கூடவே வரும். அதற்கு விஞ்ஞானத்திடம் பதில் இல்லை. அந்தக் குருமாரிடம் இருக்கிறது. கன்று ஏன் முளைக்கவில்லை என்பதற்கு அவர்களிடம் பதில் இருக்கவில்லை. அதைச் சொன்னது அலெமாயெஹுவின் பாத்தி.

சோழமண்டலக் கரையில், புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயில் போன்ற இடங்களிலும் உலர் பசுமைமாறாக் காட்டின் துண்டுகள் தெய்வத்தின் பேரால்தான் பிழைத்திருக்கின்றன. அங்கும் ஆபத்து கோடரியைவிட அன்பளிப்பாக வரலாம்: புதிய மண்டபம், சிமெண்ட் தரை, வாகனம் நிறுத்தத் திடல். உங்கள் ஊரில் கோயில் காடு இருந்து, திருப்பணிக் குழு கூடினால், நன்கொடைச் சீட்டு வாங்குமுன் ஒருமுறை காட்டுக்குள் போய்க் குனிந்து பாருங்கள். முழங்கால் உயரத்தில் கன்றுகள் இல்லையென்றால், முதல் செலவு வேலிக்கு என்று கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்.