நொடிக்கு எத்தனை அடி

துப்பாக்கிக் குண்டின் வேகத்தை நம்பத்தகுந்த முறையில் முதலில் அளந்து காட்டியவர் தமிழ் மண்ணில்தான் உயிர்விட்டார். பெஞ்சமின் ராபின்ஸ் என்று பெயர். இங்கிலாந்தின் பாத் நகரில் 1707-இல் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். போரே கூடாது என்று சொல்லும் சமயப் பிரிவு அது. அந்த வீட்டுப் பிள்ளை 1742-இல் பீரங்கிக் கலையின் புதிய நெறிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் சொன்ன கருவி எளிமையானது. முக்காலியில் கனமான ஊசல் ஒன்று தொங்கும். அதன் முகத்தில் மரப்பலகை. குண்டு பலகையில் புதைந்ததும் ஊசல் பின்னால் ஆடும். ஆடும்போது தன்னோடு கட்டிய ரிப்பனை இழுத்துக்கொண்டு போகும். வெளியே வந்த ரிப்பனின் நீளம், குண்டின் எடை, ஊசலின் எடை மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டார். நொடிக்கு 1,600 அடிக்கும் மேல் என்று விடை வந்தது.

வேகத்தைவிடப் பெரிய அதிர்ச்சி, காற்று அந்த வேகத்தை எவ்வளவு பறித்துக்கொள்கிறது என்பது. குண்டு பரவளையப் பாதையில் அழகாகப் போய் விழுகிறது, காற்றின் தடை பொருட்டே இல்லை என்றுதான் அதுவரை பாடம் நடந்தது. சுட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்; என்ன நடக்கிறது என்று அளந்து பார்த்தவர் மிகக் குறைவு. 1745-இல் கணிதமேதை ஆய்லர் அந்த நூலை ஜெர்மனில் விரிவாக்கி வெளியிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்யும் பொறியாளராக ராபின்ஸ் 1750-இல் கடலூர் தேவனாம்பட்டினத்தில் வந்திறங்கினார். மறு ஆண்டு ஜூலையில் அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார்.

இந்தக் கதையை நான் அடிக்கடி சொல்ல நேர்வது எங்கள் ஊரான குஜிலியம்பாறையில். ஊரைச் சுற்றி மானாவாரிக் காடு. காட்டுக் கொட்டகையில் ஏர்கன் வைத்துக்கொண்டு அட்டையில் சுட்டுப் பழகும் பையன்கள் சிலர் உண்டு. காம்பவுண்ட் வில் வாங்கியவர்களும் உண்டு. ஆசை முற்றியதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “அண்ணே, எந்தக் குரோனோ வாங்கலாம்?” குண்டோ அம்போ நொடிக்கு எத்தனை அடி போகிறது என்று காட்டும் குரோனோகிராஃபைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். “எதுக்கு தம்பி?” என்று கேட்டால், “டப்பால ஆயிரம்னு போட்டிருக்கு, நெசமான்னு பார்க்கணும்” என்பான். நல்ல காரணம்தான். டப்பாவில் அச்சிடும் எண் பெரும்பாலும் மிக லேசான பெல்லட்டைப் போட்டு எடுத்தது.

கருவிகளில் பழைய வகை இரண்டு ஒளிக்கண்களை வைத்திருக்கும். முதல் கண்ணின் மேல் விழும் நிழலுக்கும் இரண்டாவது கண்ணின் மேல் விழும் நிழலுக்கும் உள்ள நேர இடைவெளியே கணக்கு. கண்களுக்கு நடுவே ஒரு அடி என்றால், 900 அடி வேகத்தில் போகும் பெல்லட் அதை நொடியில் தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். அந்த ஒரு அடியில் மூன்று மில்லிமீட்டர் பிசகியிருந்தாலே விடையில் ஒன்பது அடி பிசகும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயில் நேராகக் கண்ணில் இறங்கினால் அது தடுமாறும். வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்திலும் ஏமாறும். குழலின் முனையில் மாட்டும் சின்ன வகைக்குச் சொந்த வெளிச்சம் உண்டு, வெயில் ஒரு பொருட்டில்லை. ஆனால் அம்புக்கு ஆகாது. பெரிய துப்பாக்கிகளின் குழலுக்குக் கீழே கட்டும் காந்த வகை, குழலில் தொங்கும் எடையாலேயே குறி படும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்திவிடும். ரேடார் வகை பக்கத்தில் உட்கார்ந்தபடியே குண்டு, அம்பு இரண்டையும் பார்த்துவிடும். அதன் விலைதான் பல மடங்கு.

எதை வாங்கினாலும் கூடவே ஒரு தராசு வேண்டும் என்பேன். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் ஏர்கன்னை அடிக்கணக்கில் பார்ப்பதில்லை. குழல்வாயில் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலும், குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலும் உரிமம் வேண்டும். ஆற்றல் என்றால் எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. எடை தெரியாதவனுக்கு வேகம் பாதிச் செய்திதான்.

கடைவீதி நகைக்கடையில் மில்லிகிராம் காட்டும் மின்தராசு இருக்கிறது. பொட்டுத் தங்கம் நிறுக்கும் அந்தத் தட்டில் ஒரு பையனின் பெல்லட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். ஒரு டப்பாவிலிருந்து எடுத்தது 0.53 கிராம், இன்னொன்று 0.67. முதல் பெல்லட் 900 அடியில் போனால் 20 ஜூலுக்கு மயிரிழை கீழே நிற்கும். அடுத்தது 820 அடியில் போனாலே ஏறக்குறைய 21. வேகம் 80 அடி குறைந்திருக்கிறது, சட்டத்தின் கோட்டையோ தாண்டியாகிவிட்டது. தாளில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

அம்பின் கணக்கு இதைவிடக் கண் திறக்கும். காம்பவுண்ட் வில்லிலிருந்து 23 கிராம் அம்பு நொடிக்கு 280 அடி, அதாவது 85 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பெல்லட்டின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆற்றலோ 83 ஜூல், நான்கு மடங்கு. வேகமாகப் போவதைப் பார்த்து மிரண்டு, மெதுவாகப் போவதை விளையாட்டு என்று நினைப்பவன் இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் வில்லைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சுடும் இடத்தைச் சுற்றி உயிர்கள் இருக்கின்றன. பக்கத்தில் கடவூர் மலைக்காடுகளில் தேவாங்குக்கென்றே 2022-இல் ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். கரூர், திண்டுக்கல் இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 11,806 ஹெக்டேர். நம் காடுகளில் மயில் மேயாத நாளில்லை. வரப்பின் மறுபக்கம் ஆடு மேய்க்கிற பாட்டி இருப்பாள். விசையை அழுத்துவது வரைதான் நம் கை. அதற்குப் பிறகு எதையும் திருத்த முடியாது, திரும்பக் கூப்பிடவும் முடியாது. நம்மை விட்டுப் போனது எவ்வளவு பலத்தோடு போனது என்பதை நமக்குச் சொல்லும் சாட்சி அந்தக் குரோனோ. அதில் தெரியும் எண்ணைப் பெருமை பேசுவதற்கென்று எடுத்துக்கொள்பவன் பெரிய எண்ணைத் தேடுவான். அது தன் கைக்கு அப்பால் நீளும் பொறுப்பின் அளவு என்று புரிந்துகொண்டவன், பத்துமுறை சுட்டால் பத்தும் ஒன்றுபோல வருகிறதா என்று பார்ப்பான். குறி தவறாமைக்கும் அந்தச் சீர்தான் அடிப்படை. பத்து மீட்டர் போட்டித் துப்பாக்கிகள் வேகத்தைக் குறைவாகவே வைத்துக்கொண்டு சீரை மட்டும் துரத்துகின்றன.

ஆகவே அந்தத் தம்பியிடம் சொன்னேன்: ஏர்கன் மட்டும்தான் என்றால் குழலில் மாட்டும் சின்னக் கருவியே போதும். வில்லும் இருந்தால், இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு ரேடார் வாங்கிக்கொள்ளுங்கள். இருக்கிற பெல்லட்டில் கனமானதை முதலில் அளந்து பார். மிச்சப் பணத்தில் மணல் மூட்டை அடுக்கி, குறிப்பலகைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர் எழுப்பு.