மெட்டும் மோட்சமும்

7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனுடையது என்று பலர் கருதுவது குடுமியான்மலை இசைக் கல்வெட்டு. சுரங்களை வரிசை வரிசையாகப் பாறையில் வெட்டியும், அவற்றை எப்படிப் பாடுவது என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. சுரத்தின் இடத்தைக் கல் காத்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியைக் காக்க அதனால் ஆகவில்லை.

சுரத்துக்கு இடம் குறிப்பதுபோல வாழ்வுக்கு வரம்பு கட்டும் ஆசாரம் மனிதனைக் கட்டிப்போடுகிறதா, கரை சேர்க்கிறதா? வீணை வாசிப்பும் சுருதியும் தாளமும் அறிந்தவன் சிரமமின்றி மோட்ச வழியை அடைவான் என்கிறது ஆசாரம் வகுக்கும் நூலான யாக்ஞவல்கிய ஸ்மிருதி. அக்காலத்து வீணை வேறு. சுரத்தின் இடம் காட்டும் 24 மெட்டுகளை மெழுகில் நிறுத்திய தஞ்சாவூர் வீணை மிகப் பிந்தியது. ஆனாலும் கேள்வி அப்படியே நிற்கிறது: வரம்பு கட்டிய கருவி விடுதலைக்கு வழிவிடுமா?

ஐரோப்பாவின் வயோல் வில்லால் வாசிப்பது; அதற்கும் மெட்டுகள் உண்டு. ஆட்டுக்குடல் நரம்பைக் கழுத்தில் சுற்றிக் கட்டியவை, பெரும்பாலும் ஏழு. வாசிப்பவரே நகர்த்திக்கொள்ளலாம். அதன் பெரும் கலைஞர் கார்ல் ஃபிரீட்ரிக் ஆபெல் 1787இல் லண்டனில் இறந்தபோது வயோல் ஏறக்குறைய வழக்கொழிந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பிறந்தவர் பாலுசாமி தீட்சிதர். மணலியில் ஓர் ஐரோப்பியரிடம் அவர் கற்றது மெட்டே இல்லாத வயலின். அண்ணன் முத்துசாமி தீட்சிதர் கையில் வீணை.

ஒரே குடும்பத்தில் இரண்டும் இருந்தன. சுரத்தை அசைத்தும் இழைத்தும் பாடும் கமகம் இரண்டிலும் பேசியது. வீணையில் மெட்டின் மேல் விரலை அழுத்தித் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் அந்த மெட்டுக்கு மேலுள்ள சுரங்களும் பிறக்கின்றன. வரம்பை மீறவில்லை, அதையே பிடிமானமாக்கிக்கொள்கிறது விரல். வயலினில் விரலை நிறுத்த ஒன்றுமில்லை. ஆண்டுக்கணக்கான சாதகத்தில் காதுதான் மெட்டாகிறது. மெட்டைக் கழற்றிவிட்டால் விடுதலை வந்துவிடும் என்பவர்கள் இந்தச் சாதகத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

இந்த வாதம் ஏட்டோடு நிற்கவில்லை. அமிர்தசரஸ் பொற்கோயில் கீர்த்தனையில் ஆர்மோனியத்தை மூன்றாண்டுகளில் விலக்கி, தந்திக் கருவிகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று 2022இல் சீக்கியரின் உயர்பீடமான அகால் தக்த் கூறியது. அவற்றுள் ஒன்றான தில்ரூபா, வயோலைப் போலவே வில்லும் மெட்டும் சேர்ந்தது. ஆர்மோனியம் அந்நியம் என்பது ஒரு காரணம். வயலினை ஏற்ற தமிழ்நாட்டுக்கு அது வலுவற்ற காரணம். இன்னொன்று வலுவானது. தில்ரூபாவில் விரல் மெட்டுகளைத் தாண்டி வழுக்கிச் செல்லும். ஆர்மோனியக் கட்டைகளுக்கு இடையே விரல் போக வழியே இல்லை.