பனித்தரையில் ஒரு வரி

"ஹாக்கிக்கு இது அருமையான நாள்!" வெற்றி தோல்வி எதுவானாலும் பயிற்சியாளர் பாப் ஜான்சனின் வாயில் வருவது இதுதான். 1991 மே மாதம் பிட்ஸ்பர்க் பென்குவின்ஸ் ஐஸ் ஹாக்கி அணிக்கு முதல் ஸ்டான்லி கோப்பையை வென்று கொடுத்தார். அதே ஆண்டு நவம்பர் 26-இல் மூளைப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது.

மறுநாளே சொந்த அரங்கில் ஆட்டம். விளக்குகளை அணைத்தார்கள், ரசிகர்கள் கையில் சிறு விளக்குகளோடு எழுந்து நின்றார்கள். அவருடைய அந்த வாக்கியத்தைப் பனித்தரையிலேயே எழுதிவைத்தார்கள். சிலை வைத்திருந்தால்கூட இவ்வளவு பொருந்தியிருக்குமா, சந்தேகம்தான். எஞ்சிய பருவம் முழுக்க வீரர்கள் அதன்மேல்தான் சறுக்கி ஆடினார்கள். 1992-இல் ஸ்காட்டி போமன் பயிற்சியில் கோப்பை மறுபடியும் பிட்ஸ்பர்க்குக்கே வந்தது.