வட்டி கேட்காதவர்கள்

2023 சீசனில் எங்கள் வீட்டில் காலை எட்டு மணி ஆனதை போன்தான் சொல்லும். எட்டுக்கு ஒரு நிமிடம் முன்னால் அடிக்காது. மாலை ஏழுக்குப் பிறகும் அடிக்காது. கடன் வசூல் முகவர்கள் அந்த நேரத்துக்கு வெளியே அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லியிருப்பது எனக்கு அப்போது தெரியாது. பேசுகிற பையன் ஒழுங்கானவன் போல என்றுதான் நினைத்தேன். "சார், இன்னைக்கு எவ்ளோ கட்டுறீங்க?" என்று ஆரம்பிப்பான். குரலை வைத்துப் பார்த்தால் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவன். அவனிடமும் ஒரு கிரெடிட் கார்டு இருந்திருக்கும்.

அந்த வருட ஆரம்பத்தில் எனக்குச் சென்னையில் வேலை போயிருந்தது. கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடும் வேலையோடு சேர்ந்து போனது. அடுத்த மாதமே அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி கவுன்டரில் கார்டைத் தேய்த்தேன். மருந்துக்கடையில் தேய்த்தேன். வாக்கர் வாங்கத் தேய்த்தேன். சென்னை வீட்டைக் காலி செய்து தென்காசிக்கு வந்து சேர்ந்தபோது கார்டில் இரண்டு லட்சம் நின்றது.

மனசு மாறட்டும் என்று நண்பன் ஒருநாள் பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப் போனான். போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி வண்டிக்குள் வைத்துவிட்டு அருவிக்குள் நின்றேன். தலையில் தண்ணீர் விழுகிற வேகத்தில் எந்த நினைப்பும் நிற்காது என்பார்கள். எனக்கு நின்றது. வெளியே வந்து பார்த்தால் பதினொரு மிஸ்டு கால்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் சிலராவது இப்போது அந்தக் கணக்குக்குள் இருப்பீர்கள். என் கார்டுக்கு மாத வட்டி மூன்றரை சதவீதம், வருடத்துக்கு 42. இரண்டு லட்சத்துக்கு மாதம் 7,000 ரூபாய் வட்டி. அந்த வட்டிமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,260. 'குறைந்தபட்சம் இவ்வளவு கட்டினால் போதும்' என்று பில்லில் வருகிற தொகை ஐந்து சதவீதம், அதாவது 10,000. அதைக் கட்டினால் அசலில் கழிவது 1,740 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்களும் கிடையாது, வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். மூன்று மாதம் அப்படிக் கட்டினேன். பி.எஃப். பணம் தீர்ந்ததும் நின்றுவிட்டேன்.

2024 ஜனவரியில் பாக்கி இரண்டு லட்சத்து அறுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அப்போது அந்தப் பையன் குரலை மாற்றிக்கொண்டு சொன்னான்: "ஒரே தடவையா ஒண்ணு பத்து கட்டிருங்க சார். செட்டில்மென்ட் போட்டு முடிச்சிரலாம்."

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "வாங்கினது ரெண்டு லட்சம். ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தக் குடுத்துட்டு முடிஞ்சு போச்சுன்னு சொல்லுதது நியாயமாய்யா?"

இந்தக் கட்டுரை அவள் கேள்விக்கு நான் தேடிய பதில்தான்.

*

பிளேட்டோவின் 'குடியரசு' நூல் ஏறக்குறைய அம்மாவின் கேள்வியோடுதான் தொடங்குகிறது. கெஃபலஸ் என்ற பணக்கார முதியவரோடு சாக்ரடீஸ் பேசிக்கொண்டிருக்கிறார். உண்மை பேசுவதும் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும்தான் நீதி என்று பேச்சு வருகிறது. சாக்ரடீஸ் திருப்பிக் கேட்கிறார்: நல்ல புத்தியோடு இருந்த நண்பன் உன்னிடம் ஓர் ஆயுதத்தைக் கொடுத்து வைத்தான். புத்தி பேதலித்த பிறகு வந்து கேட்கிறான். கொடுப்பாயா? கொடுக்க மாட்டோம். அப்படியென்றால் 'வாங்கியதைத் திருப்பிக் கொடு' என்ற விதிக்கு முன்னால் வேறு கேள்விகள் இருக்கின்றன. யாருக்குக் கொடுக்கிறோம், அந்த ஆளுக்கும் நமக்கும் இடையில் என்ன பேச்சு, கொடுப்பதால் என்ன ஆகிறது.

வங்கிக்கும் எனக்கும் இடையில் என்ன பேச்சு? வீட்டுக் கடனை ஒற்றை இலக்க வட்டிக்கும் அதை ஒட்டியும் கொடுக்கிற வங்கி, கார்டுக்கு 42 சதவீதம் கேட்பதற்கு முதன்மையான காரணம், இந்தக் கடனுக்கு ஈடு எதுவும் இல்லை என்பது. நூறு பேருக்குக் கொடுத்தால் சிலர் கட்ட மாட்டார்கள் என்று அதற்குத் தெரியும். தெரிந்துதான் விலை வைத்திருக்கிறது. நான் கட்டாமல் போகக்கூடும் என்பதற்கான விலையை முதல் மாதத்திலிருந்தே என்னிடம் வாங்கிக்கொண்டிருந்தது. அது நடந்துவிட்ட பிறகு, எதிர்பாராத துரோகம் நடந்ததுபோலப் பேச அதற்கு உரிமை குறைவு. வங்கி தன் ஏட்டில் அப்படிப் பேசுவதுமில்லை. தொண்ணூறு நாள் தவணை தவறினால் வாராக் கடன் என்று ஒரு பெட்டியில் போடுகிறது, பிறகு வந்தவரை லாபம் என்று சமரசத்துக்கு வருகிறது.

இது எனக்கு வசதியான வாதம் என்பது தெரியும். இதற்கு ஒரு பதில் வாதம் உண்டு. நான் கட்டாத பணத்தை வங்கி தன் பையிலிருந்து போடுவதில்லை. ஒழுங்காக வட்டி கட்டுகிற இன்னொருவன் தலையில்தான் அது விழுகிறது. என்னை அழைக்கும் அந்தப் பையன்மேலேயே விழலாம். உண்மைதான். அதனால் கட்ட முடிகிறவன் செட்டில்மென்ட் கேட்டால் அது திருட்டுக்குப் பக்கத்தில் வருகிறது என்றே நினைக்கிறேன். என் நிலைமையை ஒருமுறை முழுதாக எழுதிப் பார்த்தேன்: பாஸ்புக், அப்பாவின் மருந்துச் செலவு, விண்ணப்பித்த வேலைகள். அந்தத் தாளை அம்மாவிடம் எதையும் மறைக்காமல் காட்ட முடிந்தது. கட்ட முடியாதவனா, கட்ட மனமில்லாதவனா என்று கண்டுபிடிக்க எனக்கு வேறு சோதனை தெரியவில்லை.

வட்டி அதிகம் என்பதை மட்டும் சாக்காகச் சொல்ல முடியாது. கார்டுக்கு 30 சதவீதத்துக்குமேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. நான் கணக்கை முடித்து ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2024 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டப்படி அந்த 42 செல்லும். கையெழுத்துப் போட்டவன் நான்.

*

ஈடில்லாக் கடன் என்று சொன்னேன். எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று கிடையாது. நிலமும் நகையும் இல்லையென்றால் மானம் ஈடாக நிற்கும். வசூல் முகவர் சொந்தக்காரர்களுக்கு போன் போட்டுச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுவதன் பொருள் அந்த ஈட்டின்மேல் கை வைப்பது. குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. கார்டு பாக்கி சிவில் விவகாரம், கட்ட முடியாமல் போனதற்காக மட்டும் போலீஸ் வந்து கைது செய்யாது என்பதும் சட்டம். ஆனால் தெருவில் போகும்போது யாராவது "என்னடே, எப்படி இருக்க?" என்று கேட்டால், இவருக்குத் தெரிந்திருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதற்கு விதி கிடையாது.

இந்த ஈடு மூழ்கினால் என்ன ஆகும் என்பதை எங்கள் மாவட்டம் பார்த்திருக்கிறது. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள். தென்காசி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, மனு கொடுக்கத் திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும். கடையநல்லூர் பக்கத்துக் காசிதர்மத்திலிருந்து ஒரு கூலித் தொழிலாளி தன் மனைவியோடும் இரண்டு சிறு பெண் பிள்ளைகளோடும் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனார். வாங்கியதைவிட அதிகமாகக் கட்டிய பிறகும் கந்துவட்டிக்காரர்கள் விடவில்லை என்பது அவர்கள் புகார். ஏற்கெனவே பலமுறை மனு கொடுத்திருந்தார்கள். அந்த வளாகத்திலேயே தீக்குளித்தார்கள். நான்கு பேரும் பிழைக்கவில்லை. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடுக்கிற சட்டம் 2003இலிருந்து தமிழ்நாட்டில் இருந்தது. அந்தச் செய்தியைச் சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து படித்தவன் நான். என் கடனை அவர்கள் கடனோடு ஒப்பிட எனக்குத் தகுதியில்லை. எனக்குப் படிப்பு இருந்தது, திரும்பி வர வீடு இருந்தது. ஆனாலும் 'கடைசிக் காசுவரை கட்டுவதுதான் மானம்' என்று யாராவது பெருமையாகச் சொல்லும்போது அந்தப் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள்.

கடனுக்கு ஒரு முடிவு வேண்டும் என்பது பழைய அறிவு. ஏறக்குறைய 3,700 வருடங்களுக்கு முந்தைய ஹம்முராபி சட்டத்தில், புயலோ வறட்சியோ விளைச்சலை அழித்தால் அந்த வருடம் கடன்காரன் தானியம் கொடுக்க வேண்டாம், கடன் எழுதிய களிமண் பலகையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளலாம், அந்த வருடத்துக்கு வட்டியும் இல்லை என்று இருக்கிறது. நம் ஊரில் நொடித்துப்போய் கோர்ட்டுக்குப் போனவரை 'ஐ.பி. கொடுத்தவன்', 'மஞ்சக் கடுதாசி' என்பார்கள். பேரன் கல்யாணம்வரை அந்தப் பேர் தொடரும். ஆயிரம் கோடி வாங்கிய நிறுவனம் 2016 திவால் சட்டத்தின் கீழ் அதையே செய்தால் வங்கிக்காரர்கள் அதை 'ஹேர்கட்' என்கிறார்கள். அவர்களுக்கு முடிவெட்டு, நமக்கு மொட்டை. அதே சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதியும் எழுதப்பட்டிருக்கிறது. நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது நடைமுறைக்கு வரவில்லை.

எனவே செட்டில்மென்டுக்கு ஒத்துக்கொண்டேன். வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் பணம் கட்டினேன். பாக்கி இல்லை என்ற சான்றிதழும் வாங்கினேன். சிபில் அறிக்கையில் 'முடிக்கப்பட்டது' என்று வர வேண்டிய இடத்தில் 'செட்டில்டு' என்று வந்தது. முழுசாகக் கட்டவில்லை என்பதற்கு அது அடையாளம். அம்மாவிடம் என் வாதங்களையெல்லாம் சொன்னேன். "சரிய்யா" என்றாள். அவள் ஒத்துக்கொண்டாளா, ஓய்ந்து போனாளா என்று தெரியவில்லை.

*

அந்த ஒரு லட்சத்துப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்பதை இதுவரை சொல்லவில்லை. ஐம்பதாயிரம் நண்பன் கொடுத்தான். அறுபதாயிரம் இலஞ்சியில் இருக்கிற அத்தை கொடுத்தாள். பேப்பர் கிடையாது, தேதி கிடையாது, வட்டி கிடையாது. "இருக்கும்போது தா" என்றாள், அவ்வளவுதான்.

மார்ச் மாதம் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்று கிடைத்தது. நண்பனுக்கு ஆறு மாதத்தில் கொடுத்து முடித்தேன், அவன் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தான். அதன் பிறகு மிச்சம் பிடித்த ஐம்பதாயிரத்தை வங்கியில் வைப்புநிதியாகப் போட்டு, அதை ஈடு வைத்து ஒரு கார்டு வாங்கினேன். மாதாமாதம் சின்னச் செலவு செய்து தேதி தவறாமல் கட்டினால் சிபில் மதிப்பெண் மெல்ல ஏறும். ஏறியது. ஒவ்வொரு மாதமும் திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

2025 ஆனி மாதம் அத்தை வீட்டுக்குப் போனேன். நல்ல சாரல். முன்கட்டில் ஒரு அண்டா, உள்ளே இரண்டு குத்துப்போணி. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "என்னத்தை இது?" என்றேன். "போன வருசமே பிரிச்சு மாத்தணும்னு இருந்தேன், தள்ளிப் போச்சு" என்றாள். எதனால் தள்ளிப்போனது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வங்கியிடம் குறைத்துக் கொடுத்தது நியாயமா என்று ஒரு வருடம் பிளேட்டோவரை போய் யோசித்தவன், இந்தக் கடனைப் பற்றி ஒருநாளும் யோசிக்கவில்லை. காரணம் எளிது. காலை எட்டு மணிக்கு அத்தை போன் பண்ணவில்லை. அவளிடம் மதிப்பெண் இல்லை. சத்தம் போடுகிறவனுக்கு முதலில் கொடுக்கிறோம், பேசாமல் இருப்பவரைக் கடைசியில் வைக்கிறோம். என் வாதம் உண்மையென்றால் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். நான் கட்டாமல் போகலாம் என்பதற்கு வங்கி விலை வாங்கியது, அத்தை வாங்கவில்லை. கட்டாமல் போவேன் என்று அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவளுடைய ஓட்டுக் காசை ஈடு வைத்து யாரென்றே தெரியாத ஒரு கம்ப்யூட்டரிடம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது காசி விசுவநாதர் கோயிலுக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அம்மா சிறுமியாக இருந்தபோது அது மொட்டைக் கோபுரம். நெடுங்காலம் சிதைந்து நின்று, 1990இல்தான் முழுதாகித் குடமுழுக்குக் கண்டது. 15ஆம் நூற்றாண்டில் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறான். இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர் எவரானாலும் அவரை உலகறியப் பணிகிறேன் என்பது அதன் பொருள். தான் கட்டியது உடையலாம் என்று ஒத்துக்கொள்ள ராஜாவுக்கு வெட்கமில்லை. அதைச் சரிசெய்யப்போகிற, இன்னும் பிறக்காத மனிதருக்குத் தான் கடன்பட்டவன் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டான். நான் உடைந்தபோது சரிசெய்தவர் இருந்தது மூன்று கிலோமீட்டர் தூரத்தில்.

மறுநாள் வைப்புநிதியை முறித்தேன். கார்டு ரத்தானது. பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அத்தை இரண்டு தடவை எண்ணினாள். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டாள்: "பேங்க்காரனுக்குக் குறைச்சுக் குடுத்தியாமே. எனக்கு மட்டும் எதுக்குல முழுசா?"

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பதில் சொல்ல வாய் வரவில்லை. "ஓட்டுக்காரர நாளைக்கே வரச் சொல்லட்டா?" என்றேன்.

"சாரல்ல எவன் ஓட்டப் பிரிப்பான்? ஆவணில பாத்துக்கிடலாம்" என்று அண்டாவில் நிறைந்திருந்த தண்ணீரை எடுத்து வாசலில் ஊற்றப் போனாள்.