கம்பி தெரியாத படம்

சில மாதங்களுக்கு முன்னர் திருகோணமலைப் பாடசாலை ஒன்றிலே மாணவர்களின் புகைப்படக் கண்காட்சி நடைபெற்றது. துறைமுகத்துத் தோணிகள், கடலில் விழும் மாலை வெயில், பிரட்றிக் கோட்டையின் புள்ளிமான்கள் என்ற வழக்கமான காட்சிகளுக்கிடையே ஒரு படம் மட்டும் எல்லோரையும் தடுத்து நிறுத்தியது. குரங்கொன்று அந்தரத்திற் பாய்கிறது. நீட்டிய கைகளின் விரல்கள் ஒவ்வொன்றும் துலக்கமாகத் தெரிகின்றன. பின்னால் மங்கிய பசுமை. கீழே 'விடுதலை' என்று தலைப்பு.

படமெடுத்த மாணவனை அழைத்து, இத்துணை விரைவாகப் பாயும் பிராணியை எங்ஙனம் பிடித்தாய் என்று வினவினேன்.

"அது பெரிய கஷ்டமில்லை, சேர். போன கல்விச் சுற்றுலாவில மிருகக்காட்சிசாலையில எடுத்தது. அரை மணித்தியாலமா அது ஒரே வழியிலதான் போய் வந்துகொண்டிருந்தது. அடுத்து எங்க பாயும் எண்டு எனக்குத் தெரியும்" என்றான்.

கோணேசர் கோயிற் பக்கத்திலே திரியும் குரங்கை அவன் பலமுறை முயன்றும் அவ்வாறு எடுக்க முடியவில்லையாம். அங்கே எத்திசையிற் பாய்வதென்பதைக் குரங்கு தீர்மானிக்கிறது. கூண்டிலே அதனைச் சுவர் தீர்மானிக்கிறது. எனவே, படத்திலே கம்பி தென்படாவிட்டாலும் அப்படத்தை எடுக்கும் வாய்ப்பை அளித்தது அந்தக் கம்பியே என்பதை நாம் உணர வேண்டும்.

கம்பி மறைந்த விதமும் அறியத்தக்கது. வலையோடு கமராவின் வில்லையை ஒட்டவைத்து, அதன் துவாரத்தை அகலத் திறந்தால் வலை கரைந்து காணாமற் போகும். விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் ஒளியை உள்ளே விட்டு மூடினால் பாய்ச்சல் உறைந்து நிற்கும். இவை கமரா அறிந்தோர் அனைவரும் கையாளும் முறைகள். இவற்றில் மோசடி எதுவுமில்லை. அப்படியாயின் அந்தப் படம் உண்மையா, பொய்யா?

அசைவைப் படம் பிடிக்கும் கலையின் தொடக்கத்தைச் சற்று நோக்குவோம். 1878இல், அமெரிக்கப் புகையிரத முதலாளியான லீலண்ட் ஸ்டான்போர்டின் பொருளுதவியுடன், எட்வேர்ட் மைபிரிட்ஜ் வரிசையாக வைத்த கமராக்களால் குதிரையின் ஓட்டத்தைப் படமாக்கினார். 1887இல் அவர் வெளியிட்ட 781 படத் தகடுகளிலே, கம்பமேறும் பபூன் குரங்கும் உண்டு. பிரான்சின் மாரே 1882இல் துப்பாக்கி வடிவிலேயே ஒரு கமராவை அமைத்து, விநாடிக்கு 12 படங்கள் வீதம் பறவைகளின் பறப்பைப் பதிந்தார். இவர்களுடைய உழைப்பால் உயிர்களின் அசைவு பற்றிய அறிவு வளர்ந்தது, அதனை மறுப்பதற்கில்லை.

ஆனால் அவர்கள் அசைவைத் தொடராகக் காட்டினர். நமது மாணவனோ தொடரிலிருந்து ஒரு கணத்தைப் பிடுங்கியெடுத்தான். அடைபட்ட குரங்குகள் ஒரே தடத்தில் ஓயாது நடப்பதையும் உடலை ஆட்டுவதையும் விலங்கியலாளர் நெடுங்காலமாக அவதானித்து வந்துள்ளனர். செய்வதற்கு ஏதுமற்ற வெறுமையான சூழலின் விளைவு அது என்பர். முதற் பாய்ச்சலுக்கும் நூறாவது பாய்ச்சலுக்கும் ஒற்றைப் படத்திலே வேறுபாடு தெரியாது. அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் உண்மை, தலைப்போ பொய். பொய்யென்று அறியாமலே மாணவன் எழுதினான் என்பதுதான் நம்மைக் கவலைகொள்ளச் செய்வது.

கம்பியைப் பார்வையிலிருந்து அகற்றும் வேலையைக் கமராவுக்கு முன்னரே வியாபாரம் தொடங்கிவிட்டது. ஜேர்மனிய விலங்கு வணிகரான கார்ல் ஹாகன்பெக் 1907இல் ஹம்பேர்க் அருகே திறந்த காட்சிசாலையில் கம்பிகளுக்குப் பதிலாக அகழிகளை அமைத்தார். பார்ப்பவரின் மனவுறுத்தல் நீங்கியது. பார்க்கப்படும் உயிரின் சிறை நீங்கவில்லை. இதே ஹாகன்பெக் 1880களில் இலங்கை மக்களை ஐரோப்பிய நகரங்களுக்குக் கொண்டுசென்று காட்சிக்கு வைத்தவர் என்பதை நாம் மறத்தலாகாது. அவருடைய சகோதரர் ஜோன் ஹாகன்பெக்கின் தெஹிவளைச் சேகரிப்பே 1936இல் அரசின் கைக்கு மாறி நமது தேசிய மிருகக்காட்சிசாலையாயிற்று. 1906இல் நியூயோர்க் பிரொங்ஸ் காட்சிசாலையின் குரங்குக் கூடத்திலே, கொங்கோவைச் சேர்ந்த ஒட்டா பெங்கா என்ற இளைஞர் ஒராங் உட்டானுடன் காட்சிப்பொருளாக்கப்பட்டார். மனிதனையும் குரங்கையும் ஒன்றெனக் கூற இவற்றை நான் எடுத்துக்காட்டவில்லை. ஓர் உயிரின் அடிமைத்தனத்தைக் காணாமலிருக்கப் பழகிய கண், அப்பழக்கத்தை எந்த எல்லையிலும் நிறுத்திக்கொள்வதில்லை என்பதே நான் கூறவருவது.

"மனிதரின் துயரமே மலையாகக் குவிந்திருக்க, குரங்குக்கு இரங்குவது வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு" என்று தோழர்கள் சிலர் கூறலாம். இவ்வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. நமது விவசாயியின் தோட்டத்தைக் குரங்குக் கூட்டம் ஒரே காலையில் அழித்துவிடுகிறது. அந்த இழப்பு உண்மையானது. ஆனால் அதற்குக் கூறப்பட்ட பரிகாரம் யாது? 2023 ஏப்ரலிலே, நம் நாட்டுக் குரங்குகளில் ஒரு இலட்சத்தைச் சீனாவின் மிருகக்காட்சிசாலைகளுக்கு அனுப்பும் யோசனையை அன்றைய விவசாய அமைச்சர் மகிந்த அமரவீர வெளியிட்டார். சிங்களத்தில் 'ரிலவா' எனப்படும் அந்த இனம், இத்தீவைத் தவிர வேறெந்த நாட்டையும் தாயகமாகக் கொண்டதன்று. சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றத்தை நாடின. திட்டம் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. அக்காலத்தில் என் வகுப்பிலும், "அங்க அதுகள் நல்லாத்தானே இருக்கும்" என்று மாணவர் கூறினர். கம்பி தெரியாத படங்களிலன்றி வேறெங்கே அவர்கள் இதனைக் கற்றிருக்க முடியும்?

விவசாயிக்கு வேண்டியது பயிருக்குக் காவலும் இழப்புக்கு ஈடும். உயிரைச் சரக்காக்கி ஏற்றுமதி செய்வதால் இலாபம் இடைத்தரகனுக்கே போய்ச் சேரும். விவசாயியின் துயரத்தையும் குரங்கின் சிறையையும் எதிரெதிரே நிறுத்துவது, இரண்டுக்கும் பொறுப்பானவரை மறைக்கவே உதவும்.

ஆகவே, மிருகக்காட்சிசாலையிலே படமெடுக்கலாகாது என்பது என் கட்சியன்று. எடுக்கட்டும், ஆனால் கண்டது முழுவதையும் எடுக்கட்டும். அந்த மாணவனிடம் தலைப்பை மாற்றும்படி நான் பணிக்கவில்லை. அரை மணி நேரத்திலே வேறு எத்தனை படங்கள் எடுத்தாய் என்று மாத்திரம் கேட்டேன். முப்பத்தொன்று என்றான். மறுநாள் அவற்றையெல்லாம் எடுத்த ஒழுங்கிலேயே சுவரில் ஒட்டியிருந்தான். ஒரே சுவர், ஒரே பாய்ச்சல், ஒரே திரும்பல். சிலவற்றிலே குறுக்கே வலை. 'விடுதலை' என்ற சீட்டை அவனே கிழித்துவிட்டிருந்தான். புதிய தலைப்பு எதனையும் அவன் எழுதவில்லை; பார்க்க வந்தவர்களும் கேட்கவில்லை.