எவ்வளவு இழுக்கும்?

என் பெரியம்மா மகள் டிராக்டரும் டிரெய்லரும் வாங்கப் போன அன்று நானும் உடன் போயிருந்தேன். ஆத்தங்குடிக் கற்களைக் காரைக்குடிப் பக்கம் வீடு கட்டுபவர்களுக்கு ஏற்றிப்போவது மச்சான் செய்துவந்த தொழில். அவர் இறந்தபிறகு அக்கா அதைத் தானே நடத்துவதென்று முடிவெடுத்திருந்தாள். பிக்கப் வண்டி எடுத்தால் சீக்கிரம் போய்வரலாம், ஆனால் அதன் முதுகு கொள்ளும் அளவுதான் ஏற்ற முடியும். பின்னால் கட்டி இழுப்பதற்கு எங்கள் ஊரில் டிராக்டர்தான்.

விற்பனையாளர் துணைக்கு வந்த அண்ணனிடமே பேசிக்கொண்டிருந்தார். “என்ன ஏத்துனாலும் இழுத்துரும்ணே.”

“இழுக்கும்ங்க,” என்றாள் அக்கா. “இறக்கத்துல பாரத்தோட நிக்குமா?”

அப்போதுதான் அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

வண்டியைப் பற்றிய கேள்வியாகத்தான் அது எனக்கு அன்று பட்டது. எங்களைப் பற்றிய கேள்வி என்பது பின்னால்தான் புரிந்தது.

இழுப்பது வேறு, நிறுத்துவது வேறு. நல்ல எஞ்சின் தன்னைவிடப் பலமடங்கு எடையை மெல்ல நகர்த்திவிடும். ஓடும் பாரத்தை நிறுத்துவதுதான் கடினம். வேகம் இரண்டு மடங்கானால் நிற்பதற்கு வேண்டிய தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. எங்கள் பக்கத்து டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. முன்னால் போகும் வண்டிதான் இரண்டுக்கும் சேர்த்துப் பிரேக் பிடிக்க வேண்டும். மேட்டில் பின்னால் வந்த பாரம் இறக்கத்தில் முன்வண்டியைத் தள்ளத் தொடங்கும். அந்த நேரத்தில் டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விட்டால் எஞ்சினின் பிடியும் போய்விடும். இரண்டு சக்கர டிரெய்லரில் கல்லைப் பின்பக்கமாக அடுக்கினால் கொக்கி மேலே தூக்கும், வால் ஆடும். முன்பக்கமாகக் குவித்தால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது.

அக்கா இவற்றை ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டாள். பாரத்தை அடுக்குகிறவருக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை, பிரேக்கில் கால் வைத்திருப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும் என்பாள்.

நம் வீடுகளில் பெண்ணுக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு என்ன? “ஒத்தையா நின்னு அம்புட்டுக் குடும்பத்தையும் இழுத்துட்டா.” அவளால் நிற்க முடிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அண்டையிலுள்ள புதுக்கோட்டையில், 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தந்தது. அது பெரிய விடுதலை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சைக்கிளில் பெண்ணோடு சேர்ந்து தண்ணீர்க் குடமும் ஏறியது, பிள்ளையும் ஏறியது. வண்டி கைக்கு வந்தது. எதை ஏற்றுவது என்று சொல்லும் உரிமையும் கூடவே வந்ததா?

வண்டிக்கு அந்த உரிமை எழுத்தில் இருக்கிறது. பாரமில்லாதபோது எவ்வளவு, பாரத்தோடு எவ்வளவு என்று ஆர்.சி. புத்தகத்தில் பதிந்திருக்கும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அளவுக்கு மீறி ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் விதிக்கிறது. ஓட்டியவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் அந்தப் பிரிவு பொறுப்பாக்குகிறது. இந்த எளிய நியாயம் குடும்பத்துக்குள் இன்னும் நுழையவில்லை. அங்கே பாரம் தாங்காமல் கவிழ்ந்தால் குற்றம் கவிழ்ந்தவளுடையது.

அன்பையும் எடைபோட முடியுமா என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. படுக்கையில் கிடக்கும் மாமியாரையும் பால் குடிக்கும் குழந்தையையும் செங்கல் சுமை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அளவு சொல்வது அன்பு குறைந்ததற்கு அடையாளமல்ல. நிற்க முடியாத வண்டி தன்னை மட்டும் அழித்துக்கொள்வதில்லை, எதிரே வருபவரையும் சேர்த்தே அழிக்கிறது. முடியாது என்று சொல்லத் தெரியாத அம்மா ஒருநாள் யார்மேல் சீறுகிறாள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்தக் குழந்தைமேல்தான்.

இவ்வளவு தெளிவாகப் பேசும் நான், ஆய்வேடு எழுதிய நாட்களில் அடுப்படி என் வேலையல்ல என்று மறுத்தேன். அதைப் பெண்ணியம் என்றே நம்பினேன். அந்த வேலை எங்கே போனது என்று பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் வேலைசெய்த பெண்மணியின் மேல் ஏறியிருந்தது. அவர் இரண்டு மணிநேரம் கூடுதலாக நின்றார். சம்பளம் கூடவில்லை. என் பாரத்தை நான் இறக்கிவைக்கவில்லை, இன்னொரு பெண்ணின் பின்னால் கட்டிவிட்டேன்.

அக்கா என்னைவிட நேர்மையானவள். முதல் ஆண்டு, கடன் தவணை நெருக்கியபோது, ஒரு நாளைக்கு இன்னொரு நடை கூட்டினாள். கல் ஏற்றும் பெண்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் அவர்களில் ஒருவர் கையை விரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். மறுநாளே அந்த நடையை நிறுத்திவிட்டுத் தவணைக்குத் தவணை கேட்டாள்.

“வண்டிக்கு அளவு பார்த்தேன். அதுகளுக்குப் பார்க்கல,” என்றாள்.

சுமையே இல்லாத வாழ்வை நான் கேட்கவில்லை. என் அளவை நானே சொல்லவும், அடுத்தவள் சொல்லும் அளவைக் கேட்கவும் இடமுள்ள வாழ்வைக் கேட்கிறேன். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டிராக்டரில் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் பெடல் உண்டு. வயலில் திரும்ப அது உதவும். சாலையில் இரண்டையும் கொக்கிபோட்டு இணைக்காவிட்டால் ஒரு சக்கரம் மட்டும் நின்று வண்டி திரும்பிக்கொள்ளும். அக்கா இன்றைக்கும் ஏறி உட்கார்ந்ததும் சாவியைத் தொடுவதற்கு முன்னால் குனிந்து அந்தக் கொக்கியைப் பார்க்கிறாள்.